பேர்னில் இறங்காதவள்

புனிதா சுவிட்சர்லாந்துக்கு நான்கு தடவை போய்வந்தவள். ஆனால் சுவிட்சர்லாந்தைப் பார்க்காதவள். முதலில் ஒரு கலியாணவீடு, பிறகு பெண்பிள்ளை ஒன்று பெரியவளான சாமத்தியவீடு, அதன்பின் ஒரு செத்தவீடு, கடைசியாக மறுபடியும் கலியாணவீடு. ஒவ்வொரு தடவையும் விமான நிலையத்துக்கு ஒரு வான் வண்டி வரும். வண்டியில் ஜன்னலோரம் கிடைத்தாலும் யாருடைய பிள்ளையாவது மடியில் ஏறி நின்று மறைத்துவிடும். அங்கிருந்து பேர்ன் நகரத்தில் கணவனின் அக்கா பவளக்கொடியின் வீட்டுச் சோபா. சோபாவிலிருந்து மண்டபம், மண்டபத்திலிருந்து மறுபடி சோபா. சோபாவில் இருந்தபடியே போன வருஷத்துக் கலியாண வீடியோ. லண்டன் திரும்பும்போது கையில் ஒரு சொக்லேட் பெட்டி இருக்கும். அதன் மூடியில் பனி மூடிய மலை ஒன்று இருக்கும். அந்த நாட்டில் அவள் கண்ட ஒரே மலை அதுதான்.

இதில் ஏதோ குறை என்று அவளுக்கு அதுவரை தோன்றியதில்லை. லண்டன் நடுவில் ஒரு சுரங்க ரயில் நிலையத்தில், கண்ணாடிக்குப் பின்னால் இருந்து டிக்கெட் விற்பது அவள் வேலை. உலகத்தின் எல்லா மூலையிலிருந்தும் ஊர்பார்க்க வந்தவர்கள் அந்தக் கண்ணாடியில் மூக்கை வைத்து அழுத்தி, லண்டன் டவர் கோட்டைக்கு எப்படிப் போவது என்று கேட்பார்கள். தலை நிமிராமலே டவர் ஹில் நிலையம் என்று சொல்லி மிச்சக் காசைத் தள்ளிவிடுவாள். ஊர்பார்ப்பது என்பது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர்களின் தொழில் என்றே அவள் நினைத்திருந்தாள்.

2006ஆம் ஆண்டு வசந்தத்தில் பக்கத்துக் கவுண்டர் டோரீன் லீவு முடிந்து வந்தாள். ஒரு கிழமை, ஏழு நாளும், ரயிலிலேயே சுவிட்சர்லாந்தைச் சுற்றிவிட்டு வந்திருந்தாள். ஒரு கட்டுப் போட்டோவை மேசையில் பரப்பி, நீ நான்கு தடவை போனவளாயிற்றே, உனக்கு எந்த இடம் பிடித்தது என்று கேட்டாள். புனிதா வாயைத் திறந்தாள். மண்டபத்துக் கழிவறை நல்ல சுத்தமாக இருந்தது என்பதுதான் ஞாபகத்துக்கு வந்தது. அதை டோரீனிடம் எப்படிச் சொல்வது? வெட்கத்தில் அவளுக்குக் காது சுட்டது. அன்றைக்கு முழுக்க மிச்சக் காசைப் பிழையாகவே கொடுத்துக்கொண்டிருந்தாள்.

லண்டனின் ஃபாரஸ்ட் கேட் பகுதியில் இருந்த தங்கள் வீட்டில் அன்று மாலை கணவன் குகநாதனிடம் விஷயத்தைச் சொன்னாள். கோடையில் சுவிஸ் போகிறோம், ரயிலில் நாடு பார்க்கிறோம் என்றாள். குகநாதன் கையில் எடுத்த புட்டை வாயில் வைக்காமல் அவளைப் பார்த்தார்.

"கலியாணமும் இல்லை, செத்தவீடும் இல்லை. என்னத்துக்குப் போறது?"

"பாக்கிறதுக்கு."

"ஆரை?"

"நாட்டை."

குகநாதன் நல்ல மனிதர். தபால் பிரிக்கும் நிலையத்தில் வேலை. எந்தக் கடிதம் எந்தப் பெட்டிக்குள் விழவேண்டும் என்று தெரிந்தவருக்கு, எந்தப் பெட்டிக்குள்ளும் விழாத இந்த ஆசை பிடிபடவில்லை. சரி, போனால் அக்கா வீட்டில் நிற்கலாம் என்றார். இல்லை என்றாள் புனிதா. அக்காவுக்குச் சொல்லாமல் போகவேண்டும் என்றாள். அவர் பயந்துபோய்ப் புட்டுத் தட்டைத் தள்ளிவைத்தார்.

நியாயமான பயம்தான். நம்முடைய சனத்துக்கு எதை வேண்டுமானாலும் செய்யலாம். ஆனால் சொந்தக்காரர் இருக்கும் ஊருக்குப் போய் ஹோட்டலில் தங்கக்கூடாது. அது தெரியவந்தால் பத்து வருஷத்துக்குப் பேச்சுவார்த்தை இல்லை. அதற்குள் யாராவது செத்தால்தான் மறுபடி முகத்தில் முழிக்கலாம். பவளக்கொடி கெட்டவளும் இல்லை. அதுதான் பெரிய சிக்கல். அவள் வீட்டுக்குப் போனால் தன் கட்டிலைக் கொடுத்துவிட்டுக் குசினிக்குள் அடுப்படியில் பாய் போட்டுப் படுப்பாள். காலையில் இடியப்பம், பத்து மணிக்கு வடை, மத்தியானம் கோழி, பின்னேரம் சீடை. வீட்டைவிட்டு வெளியே காலை வைத்தால் சாப்பாடு ஆறிவிடும் என்று முகத்தைத் தொங்கப்போடுவாள். அந்த அன்பிலிருந்து தப்பி ஒரு மலையைப் பார்ப்பது நடக்காத காரியம்.

ஆனால் புனிதா ஒற்றைக்காலில் நின்றாள். நீங்கள் வராவிட்டால் நான் தனியாகப் போவேன் என்றாள். அதைச் சத்தம்போட்டுச் சொல்லியிருந்தால் குகநாதன் சமாளித்திருப்பார். அவளோ துணி மடித்துக்கொண்டே சொன்னாள். அவர் தன் லீவுக்கு எழுதிப்போட்டார்.

ஜூலையில் சூரிக் நகரத்தில் ஒரு சின்ன ஹோட்டலில் இறங்கினார்கள். நாடு முழுக்க எந்த ரயிலிலும் ஏறலாம் என்ற டிக்கெட்டை அவள் லண்டனிலேயே வாங்கிவைத்திருந்தாள். முதல் நாள் ரைன் அருவிக்குப் போனார்கள். அருவியின் சத்தத்தில் ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்கவில்லை. முகமெல்லாம் தண்ணீர் தெறிக்க, புனிதா கைப்பிடியைப் பிடித்தபடி சிரித்துக்கொண்டே நின்றாள். அவளுக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. குகநாதன் தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டு, தமிழ் முகம் ஏதும் தெரிகிறதா என்று சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். அருவி அவருக்கு முதுகுப் பக்கம் இருந்தது.

மறுநாள்தான் மலை. சூரிக்கில் ஏறினால் ரயில் பேர்ன் நகரத்தில் நின்று, பிறகு ஏரிக்கரையோரமாக மலைப்பக்கம் போகும். ஸ்பீட்ஸ் என்ற இடத்தில் மாறி இன்டர்லாக்கன் போகவேண்டும். பேர்னைத் தவிர்க்க முடியாதா என்று குகநாதன் கேட்டுப்பார்த்தார். நாங்கள் இறங்கப்போவதில்லையே, சும்மா ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருங்கள் என்றாள்.

ரயில் புறப்பட்டுச் சற்று நேரத்தில், தேநீரும் பிஸ்கட்டும் வைத்த வண்டிலைத் தள்ளிக்கொண்டு சீருடைக்காரர் ஒருவர் வந்தார். குகநாதன் ஆங்கிலத்தில் தேநீர் வாங்கினார். அதுவரைக்கும் எல்லாம் சரி. ஒரு வாய் குடித்துவிட்டு, இது என்ன கழுவின தண்ணியோ என்று மனைவியிடம் தமிழில் முணுமுணுத்தார். வண்டில் நின்றது.

"அண்ணை எவடம்?" என்றார் சீருடைக்காரர்.

யாழ்ப்பாணத்தில் பிறந்தவர்களால் எந்த விசாரணையையும் தாங்க முடியும், அந்த ஒரு கேள்வியைத் தவிர. சாவகச்சேரி என்று குகநாதனின் வாய் தானாகவே சொல்லிவிட்டது. சாவகச்சேரியில் எவடம், ஆருடைய மகன் என்று இரண்டு கேள்வி. தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. அவர் பெயர் சூசைதாசன். பவளக்கொடி அக்கா வீட்டுக்கு மேல்மாடிக்காரர். நீங்கள் வருகிறதாக அக்கா சொல்லவே இல்லையே என்று ஆச்சரியப்பட்டார். கெட்ட எண்ணம் எதுவும் அவருக்கு இல்லை. நல்ல செய்தியை உடனே சொல்லவேண்டும் என்று தோன்றியது, அவ்வளவுதான். அடுத்த பெட்டிக்குள் போகும்போதே போனைக் காதில் வைத்திருந்தார்.

குகநாதனின் கைபேசி அடித்தது. அக்கா ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பேர்னில் இறங்குங்கோ, நான் ஸ்டேஷனுக்கு வாறன் என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

அவர் எழுந்து பையை இறக்கத் தொடங்கினார். புனிதா அசையவில்லை.

"நான் இறங்கேல்லை," என்றாள்.

"நீர் இறங்காட்டி அக்கா என்ன நினைப்பா?"

"நினைக்கட்டும். இறங்கினா சோபா. அந்தச் சோபாவை நான் நாலுதரம் பாத்திட்டன்."

தனக்காகக் குசினியில் பாய் போட்டுப் படுத்த மனுஷியோடு உறவு இன்றைக்கு அறுந்துபோகலாம் என்று அவளுக்குத் தெரியும். அழுகை வருகிறமாதிரி இருந்தது. ஆனால் இன்றைக்கு இறங்கினால் இனி எந்தக் காலத்திலும் இந்த ரயிலில் ஏறமாட்டாள் என்பதும் தெரியும். முன்னாலிருந்த மேசையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

பேர்னில் ரயில் நின்றது. மேடையில் பவளக்கொடி, கையில் ஒரு சாப்பாட்டுப் பையோடு நின்றாள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை செய்பவள். அன்றைக்கு அவளுக்கு ஓய்வு நாள். குகநாதன் பையோடு இறங்கி, தலையைக் குனிந்துகொண்டு முன்னால் நின்றார். அவள் தம்பியைத் தாண்டிப் பார்த்தாள். பிறகு அவரை விலக்கிவிட்டு ரயிலுக்குள் ஏறி நேரே வந்தாள்.

"எழும்பு," என்றாள்.

"மச்சாள், நாளையிண்டைக்கு உங்கட வீட்டை வந்து நீங்கள் ஏசுறதெல்லாம் இருந்து கேக்கிறன். இண்டைக்கு நான் மலை பாக்கவேணும்."

பவளக்கொடி பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அந்த நாட்டு ரயில்கள் யாருடைய பதிலுக்கும் காத்திருப்பதில்லை. கதவு மூடிக்கொண்டது. ஜன்னலுக்கு வெளியே குகநாதன் பையும் கையுமாக, முதலில் நின்றார், பிறகு கொஞ்சத் தூரம் கூடவே ஓடினார், பிறகு மேடை முடிந்துபோனது.

பவளக்கொடி கதவுவரை போய்த் தட்டிப்பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். எதிர் இருக்கையில் தொப்பென்று உட்கார்ந்தாள். அதன்பிறகு பிடித்தாள் ஒரு பிடி. தம்பிக்குப் பெண் பார்த்த நாளிலிருந்து ஒன்றையும் விடவில்லை. பெட்டியில் இருந்த வெள்ளைக்காரர்கள் பேப்பரை உயர்த்திப் பிடித்துக்கொண்டார்கள். புனிதா தலையைக் குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். என் வீட்டில் என்ன குறை கண்டாய் என்று கேட்டபோது மட்டும் நிமிர்ந்தாள். குறை ஒன்றும் இல்லை, அங்கே வந்தால் நீங்கள் வெளியில் விடமாட்டீர்கள் என்றாள். அப்படியே, அந்த மலை எப்படி இருக்கும் மச்சாள் என்று கேட்டாள்.

பவளக்கொடி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஜன்னலுக்கு வெளியே வயலும் மரவீடுகளும் போய்க்கொண்டிருந்தன.

"எனக்கென்ன தெரியும்?" என்றாள். "பதினாறு வருஷமா வாறவை எல்லாம் என்ர சோபாவில இருந்து சுவிஸ் பாத்திட்டுப் போயிட்டினம். நான் சமைச்சன். வாங்கோ அக்கா, நீங்களும் வாங்கோ எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை." சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். "நீயும் கேக்கேல்லை. களவாப் போறாய்."

புனிதாவுக்கு அது நெஞ்சில் குத்தியது. இந்த மனுஷியிடமிருந்து எப்படி ஒளிவது என்று எத்தனையோ இரவு யோசித்தவள், இவளையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்று ஒரு கணம்கூட யோசிக்கவில்லை.

அப்போது டிக்கெட் பார்ப்பவர் வந்தார். புனிதா தன்னுடையதைக் காட்டினாள். பவளக்கொடியிடம் டிக்கெட் இல்லை. இங்கேயே வாங்கலாம், எதுவரைக்கும் போகிறீர்கள் என்று அவர் ஜெர்மன் மொழியில் கேட்டார். அடுத்த ஸ்டேஷன் பெயரைச் சொன்னால் போதும். இறங்கி வீட்டுக்குத் திரும்பிவிடலாம். பவளக்கொடி அவரைப் பார்த்தாள். சாப்பாட்டுப் பையைப் பார்த்தாள். பிறகு புனிதாவைப் பார்த்தாள்.

"நீ எங்க மட்டும் போறாய்?"

"இன்டர்லாக்கன் போய், அங்கயிருந்து மலை ரயிலில எவ்வளவு உயரம் விடுவினமோ, அவ்வளவுக்கும்."

பவளக்கொடி டிக்கெட்காரர் பக்கம் திரும்பி ஜெர்மன் மொழியில் சொன்னாள். புனிதாவுக்கு அந்த மொழி தெரியாது. ஆனால் இன்டர்லாக்கன் என்பது நன்றாகவே காதில் விழுந்தது.

சற்று நேரத்தில் மரங்கள் விலகின. ஏரி வந்தது. ஏரிக்கு அப்பால், சொக்லேட் மூடியில் இருந்த அதே வெள்ளை, வானத்தில் பாதியை மறைத்துக்கொண்டு நின்றது. இரண்டு பேரும் ஒரே ஜன்னலுக்கு வந்துவிட்டார்கள். இதை இவ்வளவு பக்கத்தில் வைத்துக்கொண்டா இத்தனை வருஷமாகப் போர்வை மடித்தேன் என்றாள் பவளக்கொடி. கோபமாகத்தான் சொன்னாள், ஆனால் கன்னம் நனைந்திருந்தது. பிறகு தம்பிக்குப் போன் போட்டு, இன்னொரு வீட்டுச் சாவி சூசைதாசனின் மனைவியிடம் இருக்கிறது, கோழியை வெளியில் எடுத்து வைத்திருக்கிறேன், வெட்டிக் கழுவி வை, பொழுதுபோகாவிட்டால் வீடியோ பார் என்று உத்தரவு போட்டாள். மலை உச்சியில் அவர்கள் சாப்பிட்டது ஆறிப்போன இடியப்பம். அதைப் பற்றிப் பவளக்கொடி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

அடுத்த வருஷம் ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு சொந்தக்காரக் கலியாணம் வந்தது. புனிதா டிக்கெட் கவுண்டரில் இடைவேளைக்கு எழும்பியபோது பவளக்கொடியின் அழைப்பு வந்தது.

"கலியாணத்துக்கு மூண்டு நாள் முந்தியே வாறன். ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை. தம்பிக்கும்தான்," என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள். "அந்த லண்டன் டவர் எப்பிடி இருக்கும் பிள்ளை?"

புனிதா வாயைத் திறந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாரோ ஒருவர் டோரீனிடம் அதே இடத்துக்குத்தான் வழி கேட்டுக்கொண்டிருந்தார்.

"தெரியாது மச்சாள்," என்றாள். "வாங்கோ, போய்ப் பாப்பம்."