குடும்பத் தலைவர் யார்?

சுனாமிக்குப் பிறகு எங்கள் ஊர் நிந்தவூரின் அகதி முகாமில் எது நடந்தாலும் அது என்னைக் கேட்டுத்தான் நடந்தது. நான் பளீல், ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர், முகாம் கமிட்டியின் செயலாளர். பிள்ளைகளின் வயிறு கெட்டுவிடும் என்று முகாமுக்குள் வடை விற்பதைத் தடைசெய்தேன். பெரியவர்களெல்லாம் "ஓம் சேர், நல்லதுதான் சேர்" என்று தலையாட்டிவிட்டு, பள்ளிவாசலுக்குப் பின்னால் போய் வடை தின்றார்கள். தெரிந்தும் தெரியாததுபோல் இருந்தேன். நல்லது செய்கிறவனுக்குப் பெரிய மனசு வேண்டுமல்லவா?

ஹவ்வா உம்மாவுக்கு நான் விசேஷமாகவே நல்லது செய்தேன். புருஷன் மௌத்தாகி, விதவையாய்ப் பத்து வருஷம். கடலோரத்தில் இருந்த வீட்டையும் கடல் கொண்டுபோய்விட்டது. மிச்சம் மகள் றிஸ்னா மட்டும்தான். நிவாரண அரிசி வரும்போதெல்லாம் அவர் தடுமாறக் கூடாதென்று நானே மைப்பெட்டியைத் திறந்து நீட்டி, பெயர் பதியும் இடாப்பில் பெருவிரல் வைக்கும் இடத்தையும் காட்டிக் கொடுப்பேன். பாவம், எழுதப் படிக்கத் தெரியாத மனுசி.

அடுத்த வருஷம் புதிய வீடுகள் கட்டி முடிந்தன. யார் பெயருக்கு வீடு என்று முடிவுசெய்யும் படிவத்தில் 'குடும்பத் தலைவர்' என்று ஒரு கட்டம் இருந்தது. ஹவ்வா உம்மாவின் படிவத்தில் பாலமுனையில் இருக்கும் அவருடைய காக்கா, மூத்த சகோதரர் சரீபின் பெயரை எழுதினேன். ஒரு பெண்பிள்ளை அரசாங்கக் கந்தோர் கந்தோராக அலைய வேண்டுமா? நாளைக்கு எவனாவது ஏமாற்றி எழுதி வாங்கிவிட்டால்?

பட்டியலை ஒட்டிய அன்று காலையிலேயே ஹவ்வா உம்மா வந்து நின்றார்.

"சேர், என்ட பேரு எங்க?"

"காக்காட பேர்ல இரிக்கி. ஒங்கட நன்மைக்குத்தான்."

"காக்கா நல்ல மனிசன்தான். ஆனா அவருக்கும் மூணு பொம்புளப் புள்ள இரிக்கி. அவர்ர பேர்ல வீடு இரிந்தா அது எந்தப் புள்ளைக்குப் போகும்? றிஸ்னாட கலியாணம் அடுத்த மாசம். வீடு எங்க எண்டு மாப்பிள்ளை பக்கத்தாக்கள் கேட்டா நான் என்னத்தக் காட்டுற?"

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு உரியது. கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வர வேண்டும். இது எனக்குத் தெரியாததா? நானே முப்பத்தைந்து வருஷமாக என் மனைவி நபீலாவின் வீட்டில் இருப்பவன். ஆனாலும் ஒட்டிய பட்டியலை மாற்றினால் செயலாளரின் மரியாதை என்னாவது?

"அதெல்லாம் நான் பாத்துக்கொள்றன். நீங்க போங்க."

"என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டிரிக்கலாமே, சேர்," என்றார். சத்தம் போடவில்லை. நேரே என் மனைவியிடம் போய்விட்டார்.

பகல் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனால், பீங்கானில் சோறும் அவித்த முருங்கை இலையும் மட்டும்.

"மீன் எங்க?"

"ஒங்கட கொலஸ்ட்ரோலுக்குக் கூடாது. நிப்பாட்டிட்டன்," என்றாள் நபீலா.

"சைக்கிளயும் காணல்லயே?"

"தம்பிக்கிட்டக் குடுத்திட்டன். இந்த வயசில றோட்டில விழுந்திட்டா? கமிட்டிக்கும் கடிதம் எழுதிட்டன், நீங்க விலகுறீங்க எண்டு. எல்லாம் ஒங்கட நன்மைக்குத்தான்."

கோபம் தலைக்கேறியது. "என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டியா நீ? இந்த வீட்ட விட்டே போறன்!"

வாசல் வரைக்கும் போனேன். அதற்கப்பால் எங்கே போவது? தங்கச்சியின் வீடு தங்கச்சியுடையது. மகளின் வீடு மகளுடையது. பாலமுனைக்குச் சரீபிடம் போனாலும், அவன் மனைவியிடம் கேட்டுத்தான் எனக்குப் பாய் போடுவான். ஊர் முழுக்கப் பெண்களின் வீடுகளில் குடியிருந்துகொண்டு, குடும்பத் தலைவர் என்று எங்கள் பெயரை எழுதிக்கொள்கிறோம். கோபம் போய் வெட்கம் வந்தது. வெட்கத்தோடு சிரிப்பும் வந்தது. உள்ளே நபீலா எப்போதோ சிரிக்கத் தொடங்கிவிட்டாள்.

"கடிதம்?" என்று மெல்லக் கேட்டேன்.

"இன்னும் அனுப்பல்ல. சைக்கிளும் அடுத்த வீட்டுலதான் நிக்கிது."

மறுநாள் அதே சைக்கிளில் கந்தோருக்குப் போனேன். "காக்கா பெயரில் இருந்தால் அவவுக்குத்தானே பாதுகாப்பு?" என்றார் அதிகாரி. என்னையே கண்ணாடியில் பார்த்த மாதிரி இருந்தது. "அவவிட்டக் கேட்டீங்களா?" என்றேன். ஒரு மணித்தியாலம் மல்லுக்கட்டித்தான் பெயரை மாற்ற முடிந்தது.

சாவி கொடுக்கும் நாள் வந்தது. ஹவ்வா உம்மா மேசைக்கு வந்ததும், பழக்க தோஷத்தில் மைப்பெட்டியைத் திறந்து நீட்டினேன். அவர் அதை மெதுவாக ஒதுக்கிவிட்டு, மேசையில் கிடந்த பேனையை எடுத்து, குண்டு குண்டான அழகான எழுத்தில் தன் பெயரை எழுதினார்.

"ஒங்களுக்கு எழுதத் தெரியுமா?"

"எட்டாம் வகுப்பு வரைக்கும் படிச்சன், சேர்."

"அப்ப ஒரு வருசமா ஏன் விரல வச்சீங்க?"

ஹவ்வா உம்மா சாவியை முந்தானையில் முடிந்துகொண்டார்.

"நீங்க அவ்வளவு சந்தோசமா மைப்பெட்டிய நீட்டுவீங்க. ஒங்கட மனம் நோகப்படாது எண்டுதான் வச்சன், சேர்."