பன்னிரண்டாம் தட்டு

ட்ரௌட் மீன் முட்டைக்குக் கொடுக்கிற மரியாதையில் கால்வாசியை மனுஷருக்குக் கொடுத்திருந்தால் கரடிச்சோலை தேயிலை டிவிஷனில் பாதிச் சண்டை நடந்திருக்காது. சினை மீனின் வயிற்றைப் பிழிந்து முட்டை எடுத்து, ஆண் மீனின் பாலைச் சேர்த்து, கோழி இறகால் கலக்கித் தட்டில் பரப்பி, தண்ணீர் ஓடுகிற தொட்டியில் வைத்துவிட்டால் அத்தோடு சரி. இரண்டாம் நாளிலிருந்து, முட்டைக்குள் கறுப்பாகக் கண் தெரிகிற நாள்வரை, முட்டை ஷெட்டுக்குள் யாரும் காலை ஊன்றி நடக்கக் கூடாது. கதவை அறையக் கூடாது. தட்டைத் தொடவே கூடாது. கொஞ்சம் அதிர்ந்தாலும் முட்டை செத்து வெளுத்துவிடும். வெளிச்சமும் ஆகாது என்று ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி போட்டிருக்கும். பட்டப்பகலிலும் ஒரு சிவப்பு பல்புதான். துரைமார் காலத்தில் கப்பலேறி வந்த மீன், அந்த மிடுக்கு இன்னும் போகவில்லை.

அந்த நாட்களில் உள்ளே போகிற ஒரே ஆள் மாரீஸ்வரி. நாற்பத்தெட்டு வயது, வெறுங்கால், பூனை நடை. செத்த முட்டையை விட்டுவைத்தால் பக்கத்து முட்டைக்கும் பூசணம் ஏறிவிடும். ரப்பர் குமிழ் வைத்த கண்ணாடிக் குழாயால் வெளுத்ததை மட்டும் ஒவ்வொன்றாக உறிஞ்சி எடுக்க வேண்டும். அது முடிந்ததும் கதவோரம் போட்ட ஸ்டூலில் உட்கார்ந்து தண்ணீர் ஓடுகிற சத்தத்தைக் காவல் காப்பாள். சாயங்காலம் அன்றைக்குச் செத்தது எத்தனை என்று ஜோமோன் சாருக்கு வாட்ஸ்அப்பில் சொல்லுவாள்.

ஜோமோன் மூணாறில் இருப்பவர். தூண்டில்காரர்களுக்கு லைசென்ஸ் கொடுக்கிற சங்கத்தின் மீன் அதிகாரி. ஒரு ஆள் எத்தனை மீன் பிடிக்கலாம், எவ்வளவு நீளத்துக்குக் குறைந்ததைத் திரும்ப ஓடையில் விட வேண்டும், எந்த மாதங்களில் தூண்டிலே போடக் கூடாது என்பதெல்லாம் அவர் சொல்தான். சட்டமெல்லாம் சரி, ஓடையில் மீன் இருக்க வேண்டுமே. அந்த ஓடையில் அது தானாகப் பெருகுவதில்லை. மாரீஸ்வரியின் பன்னிரண்டு தட்டிலும் குஞ்சு பொரிந்தால்தான் அடுத்த வருஷம் தூண்டிலுக்கு வேலை.

இரண்டு வருஷமாகப் பாதி முட்டைக்கு மேல் பாழ். இந்தத் தடவை முட்டை பரப்பிய அன்றே ஜோமோன் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "சேச்சி, இதும் போச்சுன்னா ஷெட்டைப் பூட்டச் சொல்லிட்டாங்க. குஞ்சு வெளியிலேருந்து வாங்கிக்குவாங்களாம். நீங்களும் லயத்து வீட்டைக் காலி செய்யணும்."

காலி செய்தால் போகிற இடம் இருக்கிறது. மகள் ராமலட்சுமி வண்டன்மேட்டில், ஏலக்காய்த் தோட்டத்தில் குடும்பத்தோடு இருக்கிறாள். வா வா என்று நாலு வருஷமாகக் கூப்பிடுகிறாள். மாரீஸ்வரிக்கு அங்கே போவதில் மனக்குறை ஒன்றுமில்லை. ஆனால் அவள் புருஷன் வேல்முருகன் இன்னும் கரடிச்சோலை மலைக்குள் கிடக்கிறார். அவரை விட்டுவிட்டு எப்படிப் போவது?

நாலு வருஷத்துக்கு முன்னால் இதே டிசம்பர், இதே மாதிரி அடைமழை. மேலே ஓடையிலிருந்து ஷெட்டுக்குத் தண்ணீர் எடுக்கிற மடையில் இலைதழை அடைத்து, தொட்டியில் தண்ணீர் குறைந்துகொண்டே வந்தது. வேல்முருகன் ஓடைக்கு வாச்சர். பால் விடாத கட்டஞ்சாயாவை ஊதிக்கொண்டு, மழை கொஞ்சம் விடட்டும் என்றார். முட்டை சாகுதே என்ற பதற்றம் இவளுக்கு. "ஒங்களுக்கு முடியலேன்னா சொல்லுங்க, நான் போயிட்டு வாரேன்" என்று குத்தலாகச் சொன்னாள். ஆண்பிள்ளைக்கு அது போதாதா? பூட்ஸை மாட்டிக்கொண்டார்.

அந்தப் பூட்ஸ் டிவிஷன் முழுக்கப் பிரசித்தம். ஸ்டோரில் கொடுத்த ஜோடியில் இரண்டும் இடது கால். மாற்றிக் கொடுக்க ஒரு மாசம் ஆகும் என்றார்கள், ஒன்றரை வருஷம் ஆகியும் வரவில்லை. இரண்டு இடது பூட்ஸோடு ஒரு பக்கமாகச் சாய்ந்து தப்பு தப்பென்று நடப்பார். ஷெட் வாசலில் நின்று அவர் சொன்ன கடைசி வார்த்தை, "மாரி, முட்டை அதிரப்போகுது, ஸ்டூலை விட்டு எந்திரிக்காத. இந்தா வந்துர்றேன்."

ஒரு மணி நேரத்தில் மடைக்கு மேலே இருந்த சரிவு அப்படியே உட்கார்ந்துவிட்டது. பதினெட்டு நாள் தேடினார்கள். ஒரு சட்டைப் பித்தான்கூடக் கிடைக்கவில்லை. மாரீஸ்வரி கருமாதி செய்ய விடவில்லை, பொட்டையும் அழிக்கவில்லை. பார்க்காத பிணத்துக்கு என்ன சடங்கு என்று கேட்டாள். உள்ளுக்குள்ளே அறுத்தது வேறு. போகச் சொன்னது அவள் வாய்தானே.

இந்த வருஷம் முதல் நாலு நாளும் நன்றாகப் போனது. ஐந்தாம் நாள் காலையில், மலைப்பக்கத்துச் சுவரை ஒட்டிய முதல் தட்டில் இடதுபக்கமாக ஒரு பாதம் அகலத்துக்கு முட்டை வெளுத்திருந்தது. சுற்றியிருந்த முட்டையெல்லாம் ஆரஞ்சு நிறத்தில் பளிச்சென்று உயிரோடு இருந்தன. யாரோ உள்ளே நடந்திருக்கிறார்கள் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேல்முருகன் வேலையை இப்போது பார்க்கிற மிக்கேல்ராஜ்மேல்தான் சந்தேகம். அவனைப் பிடித்துக் கேட்டாள். சவேரியார்மேல் சத்தியமாக வாசல்படி ஏறவில்லை என்றான். அவன் பொய் சொல்கிற ஆள் இல்லை.

ஆறாம் நாள் இரண்டாம் தட்டு. அதே அகலம், அதே இடதுபக்கம். அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது தரை முழுக்க அரிசி மாவைத் தூவிவிட்டுக் கதவைப் பூட்டினாள். ஏழாம் நாள் காலையில் மாவு தூவினது தூவினபடி கிடந்தது, ஒரு பல்லி ஓடிய தடம்கூட இல்லை. மூன்றாம் தட்டில் முட்டை வெளுத்திருந்தது. இடதுபக்கம்.

மாரீஸ்வரி குழாயைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். நடக்கிறவன் கால் இடது வலது என்றுதான் மாறி மாறி விழும். மூன்று அடியும் இடதாக வைக்கிற ஆள் உலகத்தில் ஒருத்தர்தான். சிவப்பு வெளிச்சத்தில் அவளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. பயம்தான், ஆனால் பொய் சொல்வானேன், பயத்தைவிடச் சந்தோஷம் அதிகமாக இருந்தது.

அன்று சாயங்காலம் ஜோமோனிடம், செத்தது மூன்று என்றாள். உண்மையில் நூற்றுக்கு மேல். வெளுத்ததை ஒரு பழைய பால்பொடி டின்னில் போட்டு மூடி வைத்தாள். உண்மையைச் சொன்னால் அவர் ஜீப்பைப் போட்டுக்கொண்டு வந்து ஷெட்டைக் காலி செய்துவிடுவார். அப்புறம் வேல்முருகன் நடந்து வந்து யாரைப் பார்ப்பார்?

அதன்பிறகு ஒரு நாளைக்கு ஒரு தட்டு, கணக்குத் தப்பவில்லை. ஏழாம் தட்டுக்கு வந்தபோது ஷெட்டுக்குள் ஈரமண் வாடை அடிக்க ஆரம்பித்தது. மழையில் நனைந்து வந்து பூட்ஸைக் கழற்றும்போது அடிக்குமே, அந்த வாடை. பின்சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். சுவருக்குள்ளே என்னவோ மெல்லத் துடித்தது, பிள்ளைத்தாய்ச்சி வயிற்றில் கை வைத்த மாதிரி. வெடுக்கென்று கையை எடுத்துக்கொண்டாள்.

பதினோராம் நாள் மிக்கேல்ராஜ் மடையிலிருந்து இறங்கி வந்து, மழை விட்டிருக்கிற நேரத்திலும் தண்ணீர் கலங்கலாக வருகிறது, மேலே மண் இளகியிருக்குமோ, சாரிடம் சொல்லட்டுமா என்று கேட்டான். வேண்டாம், நான் சொல்லிக்கொள்கிறேன் என்றாள். சொல்லவில்லை. ஷெட்டுக்குக் கீழே ஒரு லயம், ஆறு வீடு, அதில் மிக்கேல்ராஜின் மூன்று பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரியாதா? தெரியும். ஆசை கண்ணை மறைத்தது, அவ்வளவுதான்.

பதினைந்தாம் நாள் பதினோராம் தட்டு. மிச்சம் ஒன்றே ஒன்று, ஸ்டூலுக்கு ஒரு கை தூரத்தில், கதவோரம் இருக்கிற பன்னிரண்டாம் தட்டு. அதைத் தாண்டினால் அவள்தான்.

பதினாறாம் நாள் தலைக்குக் குளித்து, நல்ல சேலை கட்டி, பொட்டைப் பெரிதாக வைத்துக்கொண்டு போனாள். வெளியே மழை கொட்டியது. பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டிருந்ததால் லயத்திலிருந்து பிள்ளைகள் சத்தம் கேட்டது. உள்ளே போய்க் கதவைச் சாத்தி, ஸ்டூலில் உட்கார்ந்து, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். எந்திரிக்காத என்று சொல்லியிருக்கிறார். எழுந்திருக்கக் கூடாது.

மத்தியானம் வரைக்கும் பன்னிரண்டாம் தட்டில் ஒரு முட்டையும் வெளுக்கவில்லை. அப்புறம் தொட்டியில் தண்ணீர்ச் சத்தம் இளைத்தது. இளைத்து இளைத்து நின்றேபோனது. நாலு வருஷத்துக்கு முன்னால் நின்றது போலவே. அந்த அமைதியில், பின்சுவருக்கு அந்தப் பக்கம், வெகு ஆழத்தில், தப்பு என்று ஒரு சத்தம். கொஞ்சம் விட்டு இன்னொன்று. மாரீஸ்வரி மூச்சைப் பிடித்துக்கொண்டு, "வாங்க" என்றாள்.

சொல்லிவிட்டுத் தட்டைக் குனிந்து பார்த்தாள். முட்டைகளில் கண் தெரிந்துவிட்டிருந்தது. காலையில் இல்லை, இப்போது ஒவ்வொரு முட்டைக்குள்ளும் கடுகு போல இரண்டு கறுப்புப் புள்ளி. இருபது வருஷமாக அவள் பார்க்கிற காட்சிதான். எப்போதும் ஒன்று அப்படிப் பார்க்கும், ஒன்று இப்படிப் பார்க்கும், சந்தையில் கூடின கூட்டம் மாதிரி. இன்றைக்கு அப்படி இல்லை. தட்டில் இருந்த அத்தனை கண்ணும் ஒரே பக்கம் திரும்பியிருந்தன. பதினோராம் தட்டைப் பார்த்தாள். பத்தாம் தட்டைப் பார்த்தாள். செத்தது போக மிஞ்சின அத்தனையும் கதவையே பார்த்தன.

அவளைப் பார்க்கவில்லை. அவளைத் தாண்டி, கதவை.

கண் தெரிந்துவிட்டால் முட்டையை எடுத்துக்கொண்டு போகலாம். அந்தத் தொழிலில் முதலில் கற்றுக்கொடுக்கிற பாடமே அதுதான். நின்ற தண்ணீர், மண் வாடை, துடிக்கிற சுவர், கலங்கல் என்று மிக்கேல்ராஜ் சொன்னது எல்லாம் ஒன்றாகக் கூடி வந்து நெஞ்சில் அறைந்தது. பத்து நாளாக வாயைப் பொத்திக்கொண்டு ஆறு வீட்டுப் பிள்ளைகளையும் மலைக்குக் கீழே உட்காரவைத்திருக்கிறேனே, பாவி நான், என்று பதறிக்கொண்டு ஸ்டூலை விட்டு எழுந்தாள்.

பன்னிரண்டாம் தட்டை ஈரத்துணியில் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு மழையில் ஓடினாள். ஆறு வீட்டுக் கதவையும் தட்டினாள். காய்ச்சலில் படுத்திருந்தவர்களையும் பிள்ளைகளையும் கிளப்பி, எதிர்மேட்டு மாதா கோயிலுக்கு ஏற்றுவதற்குள் அவளுக்குத் தொண்டை கட்டிவிட்டது. மிக்கேல்ராஜ் கடைசிப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தான். கோயில் வாசலில் நின்று அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, மூன்று மணி சுமாருக்கு, ஷெட்டுக்குப் பின்னாலிருந்த மலை பெரிய சத்தம்கூட இல்லாமல் நழுவி இறங்கியது. ஷெட்டும் லயமும் இருந்த இடம் செம்மண்ணாகிவிட்டது. போன உயிர் இரண்டு ஆடும் கொஞ்சம் கோழியும்தான்.

ஜோமோன் வந்ததும் பால்பொடி டின்னைப் பற்றி எல்லாவற்றையும் சொல்லி அழுதாள். அவர் அவளைத் திட்டவில்லை. கோயில் மேடையில் ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் குழாய்த்தண்ணீரில் கிடந்த முட்டைகளைக் குனிந்து பார்த்தார். இப்போது ஒவ்வொரு கண்ணும் ஒவ்வொரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

மலை இறங்கிய ஆறாம் நாள் ஜேசிபி ஷெட் இருந்த இடத்தைத் தோண்டியது. சாயங்காலம் மிக்கேல்ராஜ் ஒரு பூட்ஸைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தான். நாலு வருஷத்துக்கு முன்னால் மேலே சரிந்து கிடந்த பழைய மண்தான் இந்தத் தடவை கீழே இறங்கியிருக்கிறது என்று ஆபீசர்கள் பேசிக்கொண்டதாகச் சொன்னான். பூட்ஸ் இடது காலுக்கானது. யாருடையதாகவும் இருக்கலாம் என்று கூட இருந்தவர்கள் சொன்னார்கள். விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவன் திரும்பவும் ஒரு சாக்கோடு வந்தான். அதற்குள் இருந்ததும் இடது பூட்ஸ்தான். இரண்டும் வெறும் பூட்ஸாக இல்லை என்பதைச் சொல்ல அவனுக்கு நா எழவில்லை. வாங்கிப் பார்த்த கனத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

எந்த இடத்தில் என்று கேட்டாள்.

"கதவோரந்தான்க்கா. ஒங்க ஸ்டூலு கெடந்த எடத்துல."

சொன்ன சொல் தவறாமல் வந்துதான் சேர்ந்திருக்கிறார். தன்னைக் கூட்டிப்போக வந்தாரா, எழுப்பிவிட வந்தாரா என்று அவள் வெகுநேரம் யோசித்தாள். அப்புறம் தொண்டைக்கட்டு விடாத குரலில் மகளுக்குப் போன் போட்டாள்.

"அப்பா வந்துட்டாருடி. கருமாதிக்கு ஆகவேண்டியதைப் பாரு. முடிஞ்சதும் நான் ஒங்கூட வண்டன்மேட்டுக்கு வாரேன்."