படத்தில் பாதி மாலை

ராஜபார்ட் சிவப்பிரகாசம் போய்விட்டார் என்று செய்தி வந்த அன்று பாகூர்க் கடைத்தெருவில் உலை வைத்த வீடு கம்மி. கும்பகோணத்துப் பக்கம் முகாம் போட்டிருந்த நாடகக் கம்பெனியில் வாந்திபேதி புகுந்து, அவரோடு இன்னும் சிலரையும் வாரிக்கொண்டு போய்விட்டதாம். அந்தச் சிலர் யார் என்று சொல்ல ஆளில்லை.

ரசிகர்கள் நாங்கள் சும்மா இருப்போமா? வாடகை சைக்கிள் கடை பலராமன் தன் கடை வாசலில் கீற்றுப் பந்தல் போட்டான். விளக்கேற்றி, கடையில் மாட்டியிருந்த போட்டோவைக் கழற்றி மேசைமேல் வைத்தான். போன முறை கம்பெனி வந்தபோது எடுத்தது. ஊரிலேயே அவர் படம் அது ஒன்றுதான். ராஜா வேஷத்தில் நாற்காலியில் அவர். நாற்காலியைப் பிடித்தபடி, பல்லெல்லாம் தெரிய, எங்கள் இருசப்பன்.

அழுகிற அவசரத்தில் புத்தி மழுங்கிவிட்டது. படம் முழுக்க மாலையைப் போட்டுவிட்டோம்.

இருசப்பனின் அம்மா காசம்மாள் நடவு வயலிலிருந்து சேற்றுக் காலோடு ஓடி வந்தாள். படம் எடுத்த கையோடு, திரை இழுக்கிற வேலைக்கென்று கம்பெனியோடு போனவன் அவள் மகன். அப்புறம் ஒரு தகவலும் இல்லை.

"எம் புள்ள செத்தத நீ பாத்தியாடா? இன்னா தைரியத்துல மாலை போட்ட?"

"அவருக்குத்தான் அத்தே போட்டோம்" என்று பலராமன் குழறினான்.

"அப்ப அவருக்கு மட்டும் போடு. எம் புள்ள மேல ஒரு பூ படக் கூடாது."

படத்தை வெட்டிவிடலாம் என்று கத்தரியை எடுத்தவனுக்கு அவள் கையால் முதுகில் ஒன்று விழுந்தது. உயிரோடு இருக்கிறவன் படத்தை வெட்டுவதா? மாலையை அவர் பக்கமாக ஒதுக்கிக் கட்டினோம். காற்றடித்தால் சரிந்தது. காசம்மாள் மேசையருகே உட்கார்ந்து அதைக் கையால் பிடித்துக்கொண்டாள். நடவை விட்டுவிட்டு தினமும் வந்து பிடித்தாள்.

ஏம்பலம், கரையாம்புத்தூரிலிருந்தெல்லாம் ஜனம் வந்து மாரடித்து அழுதது. "அவருக்கு நீ இன்னா ஒறவும்மா?" என்று அவளைக் கேட்டார்கள். "ஒண்ணும் இல்ல" என்பாள். ஒரு சொட்டுக் கண்ணீர் கிடையாது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்பேர்ப்பட்ட மனிதருக்கு அழாதவளுக்கு அவர் மாலைமேல் மட்டும் என்ன அதிகாரம்!

கருமாதி நாளில் பஜனை நடந்துகொண்டிருந்தபோது சோரியாங்குப்பம் ரோட்டிலிருந்து மொட்டைத் தலையோடு ஒருவன் வந்தான். இளைத்துக் கறுத்திருந்தான். எங்களுக்கு அடையாளம் தெரியவில்லை. பெற்றவளுக்குத் தெரிந்துவிட்டது.

"வாத்தியாருக்குக் கொள்ளி வெக்க ஆளில்லம்மா, நான்தான் வெச்சேன்" என்றான் இருசப்பன். "பேதி ஊர்லருந்து வரேன்னு எல்லையில நிறுத்தி வெச்சிட்டாங்க."

ஓங்கி அறைந்தாள். அறைந்த கன்னத்தையே தடவினாள். எங்களுக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது. "உயிரோட மாலை வாங்கினவன், ஆயுசு கெட்டிடா!" என்று பலராமன் அசடு வழிந்தான். பஜனைக்காரர்களே சிரித்துவிட்டார்கள்.

"இந்தா, இனிமே நீயே புடி" என்று மாலையின் நுனியை மகன் கையில் கொடுத்தாள் காசம்மாள். பிறகு ராஜா வேஷம் போட்ட முகத்தை முதல்முறையாக நேராகப் பார்த்தாள்.

"ஐயோ எஞ்சாமி, நீ போயிட்டியே!" என்று மாரில் அடித்துக்கொண்டு ஆரம்பித்தாள் பாருங்கள், எங்களில் ஒருவருக்கும் அப்படி அழ வரவில்லை.