பெயருக்குக் கீழே படகு

கண்டக்குழிக் கரையில் ஆட்களைப் படகின் பெயரால்தான் கூப்பிடுவார்கள். அதனால் மீனவர் சங்க இணையத்தளத்தில் எந்தக் கணக்கு யாருடையது என்று தலைவர் பதியுதீனுக்குப் பிடிபடவே பிடிபடாது. பயனரின் பெயர் ஒரு பக்கம், படகு விவரம் இன்னொரு பக்கம்.

தளத்தைப் பராமரிக்கும் ஸக்கியா இன்று இரண்டையும் ஒரே பக்கத்தில் திருத்தும்படி இணைத்துவிட்டாள். பதியுதீன் பக்கத்தில் நின்று பார்க்க, கலீலுர் றஹ்மான் என்ற கணக்கைத் திறந்தாள். அதன் கீழேயே வந்து நின்றது ‘வெள்ளிமீன்’ படகு.

“யா அல்லாஹ்! நம்மட வெள்ளிமீனா இவரு? முப்பது வருசமா பக்கத்துல நிண்டு தொழுறேனே!”

பிறந்த பிள்ளையின் காதில் ஓதுவதுபோல அந்தப் பெயரை மெல்லச் சொல்லிப் பார்த்தார் பதியுதீன். பிறகு வாசலுக்குப் போய், கரையில் வலை உதறிக்கொண்டிருந்தவரைக் கூப்பிட்டார்.

“கலீலுர் றஹ்மான்!”

யாரைக் கூப்பிடுகிறார் என்று வெள்ளிமீன் தன் பின்னால் திரும்பிப் பார்த்தார்.