பிடுங்கிப் போட்ட கம்பங்கள்

எல்லை மலைக்குள் கிடக்கும் மாதேகொம்பை எந்த மாநிலத்துக்குச் சொந்தம் என்று பேச, இரண்டு அரசுகளின் அதிகாரிகளும் மைசூரில் மறுபடி கூடினார்கள். அந்த ஊரில் ஒரு அரசு நட்ட மின்கம்பங்களை மற்றது பிடுங்கிப் போட்டிருந்தது. பிறகு அது நட்டதை இது பிடுங்கியது. ஊர் இருட்டிலேயே இருந்தது.

மொழிபெயர்க்க வந்தவள் கொள்ளேகால் ஜோதிமணி. தமிழ்நாட்டு அதிகாரி உதயகுமாரும் கர்நாடக அதிகாரி மஞ்சுநாத்தும் காபி நேரத்தில் ஆங்கிலத்தில் பிள்ளைகளின் கல்லூரிக் கதை பேசிச் சிரித்தார்கள். மேஜைக்கு வந்தால் மட்டும் அவரவர் மொழி. 'ஆக்கிரமிப்பு' என்ற ஒற்றைச் சொல்லில் காலைப்பொழுது முழுக்கப் போனது.

பிறகு ஊர்க்காரர்கள் சார்பில் நஞ்சம்மாவை உள்ளே அழைத்தார்கள்.

"எல்லைக் கோட்ட எங்க வேணாலும் போட்டுக்கங்க சாமி. கம்பத்த மட்டும் பிடுங்காதீங்க" என்றாள்.

ஜோதிமணி அதைக் கன்னடத்தில் சொன்னபோது யாரும் குறுக்கிடவில்லை. மதியத்துக்குமேல் அதிகாரிகள் இருவரும் பிடிவாதத்திலிருந்து இறங்கி வந்தார்கள். நில அளவை முடியும்வரை யார் நட்ட கம்பமானாலும் நிற்கட்டும் என்று முடிவானது. கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

அப்போது மஞ்சுநாத்துக்குத் தொலைபேசி வந்தது. சற்று நேரத்தில் உதயகுமாருக்கும் வந்தது. நிலத்தை விட்டுக்கொடுத்துவிட்டார்கள் என்று இரண்டு மாநிலத் தொலைக்காட்சிகளிலும் செய்தி ஓடிக்கொண்டிருந்ததாம். பேச்சு சுமுகமாக நடந்தது, மீண்டும் கூடுவோம், அதுவரை அங்கே யாரும் எந்த வேலையும் செய்யக்கூடாது என்று அறிக்கை தயாரானது.

ஜோதிமணிக்குப் பொறுக்கவில்லை. "சார், இப்பத்தானே ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டீங்க?"

"நாங்க பேசறத மொழிபெயர்த்தா போதும் மேடம்" என்றார் உதயகுமார். மஞ்சுநாத் தலையாட்டினார். அன்று இருவரும் தயங்காமல் ஒத்துப்போனது அதில் மட்டும்தான்.

வெளியே நஞ்சம்மாவும் அவள் கணவன் ஜடையனும் மரத்தடியில் காத்திருந்தார்கள்.

"என்னாச்சு அம்மணி?"

"கம்பம் இப்போதைக்கு வராதுங்க அக்கா."

"பேச்சு நல்லா நடந்துச்சுன்னாங்களே?"

 

ஜடையன்தான் பேச்சை மாற்றினான். வந்ததே வந்தோம், மார்க்கெட்டில் வெயிலில் சார்ஜ் ஏறும் விளக்கு இரண்டு வாங்கிக்கொள்ளலாம் என்றான். ஜோதிமணி ஆட்டோவை நிறுத்தி, மார்க்கெட் இருக்கும் தேவராஜ மொஹல்லாவுக்குப் போகச் சொல்லி அவர்களோடு ஏறிக்கொண்டாள்.