பிலார்ஸ்கியின் இடது கை

பஃபலோ நகரத்தில் அந்த ஞாயிற்றுக்கிழமை அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் முடிந்ததும், பனியில் நின்றிருந்த அத்தனை ஜனமும் திட்டியது ஒரே ஒருவனைத்தான். லென் பிலார்ஸ்கி. முப்பத்து மூன்று வயது, நூற்று நாற்பது கிலோ உடம்பு. பதினோரு வருஷமாக அணியின் முன்வரிசையில் இடது ஓரத்தில் நிற்பவன். பந்தை எறிகிற குவாட்டர்பேக்கின் மேல் யாரும் வந்து விழாமல் காப்பதுதான் வேலை. பந்தைக் கையில் வாங்கி அவன் ஒரு தடவைகூட ஓடியது கிடையாது. ஒழுங்காக விளையாடினால் அவன் பெயர் பேப்பரில் வராது. வந்தால் ஏதோ கெட்டுப்போயிற்று என்று அர்த்தம்.

அன்றைக்குக் கெட்டுப்போயிற்று. ஜெயிக்க இன்னும் கொஞ்ச தூரம்தான் பாக்கி. எதிரணியில் இரண்டு பேர் இடது பக்கமாகப் பாய்ந்து வந்தார்கள். லென் உள்பக்கம் வந்தவனை மறித்தான். வெளிப்பக்கம் வந்தவன் தடையே இல்லாமல் போய்க் குவாட்டர்பேக்கைச் சாய்த்தான். பந்து நழுவி எதிரணி கைக்குப் போயிற்று. ஆட்டமும் போயிற்று. டிவியில் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். பார்க்கிறவர்களுக்கு, லென் அந்த ஆளுக்கு ஒதுங்கி வழிவிட்டது போலவே இருந்தது.

உடை மாற்றும் அறையில் நிருபர்கள் மொய்த்துக்கொண்டார்கள்.

"லென், கால் சொன்னபடி கேக்க மாட்டேங்குதா?"

"ஓய்வு பெறலாம்னு யோசனை உண்டா?"

"என் தப்புதான்," என்றான் லென். மறுபடியும் கேட்டார்கள். மறுபடியும் அதையே சொன்னான்.

அது அவன் தப்பில்லை என்று அவனுக்குத் தெரியும். இரண்டு பேர் வந்தால் உள்ளே வருகிறவன் லென்னுக்கு, வெளியே வருகிறவன் பின்னால் நின்று பந்தை வாங்கி ஓடுகிற ஓட்டக்காரனுக்கு. அந்த ஓட்டக்காரன் டேவியன் ஷெஃபீல்ட், அணிக்கு வந்து முதல் வருஷம். அவன் அந்தப் பக்கமே வரவில்லை. இப்போது குளியலறையை விட்டும் வெளியே வரவில்லை. கூட விளையாடுகிறவனை நிருபர்களிடம் காட்டிக்கொடுக்கிற வழக்கம் லென்னுக்கு இல்லை. ஆனால் உள்ளுக்குள் கொதித்துக்கொண்டிருந்தான்.

கூட்டம் கலைந்த பிறகு ஒரே ஒரு நிருபர் மிச்சமிருந்தார். லார்னா விக்கர்ஸ், உள்ளூர்ப் பத்திரிகை. கம்பளித் தொப்பி போட்ட குள்ளமான பெண்மணி. வருஷக்கணக்காக ஓரத்தில் நிற்பதைப் பார்த்திருக்கிறான், பேசியதில்லை.

"ஒரே ஒரு சந்தேகம்," என்றார். "பந்து வர்றதுக்கு முன்னாடி இடது கையால இடுப்புல ரெண்டு தட்டு தட்டினீங்களே, அது என்ன?"

லென்னுக்குத் தூக்கிவாரிப்போட்டது. 'வெளியே வருகிறவன் உனக்கு' என்று பின்னால் நிற்பவனுக்குச் சொல்லும் சைகை அது. பதினோரு வருஷத்தில் அணிக்கு வெளியே ஒரு ஆள் அந்தக் கையைப் பார்த்ததில்லை.

"அரிச்சுது," என்றான்.

"சீசன் முழுக்க அரிக்குது போல. நீங்க சொறியும்போதெல்லாம் பின்னால நிக்கிறவர் இடது பக்கம் ஓடி வர்றார். இன்னைக்கு மட்டும் வரல."

லென் சிரிக்கவில்லை. "சின்னப் பையன்ங்க. முதல் வருஷம். அவன் பேரைக் கெடுத்துடாதீங்க."

"நீங்க எதுவும் சொல்லலையே! அரிச்சுதுன்னுதானே சொன்னீங்க. அந்த சைகை என்னன்னு நான் எழுத மாட்டேன், பயப்படாதீங்க. ஆனா அவர் ஏன் வரலன்னு தெரியாம எனக்குத் தூக்கம் வராது." தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த இரண்டு நாளும் ஊர் அவனை வறுத்தெடுத்தது. ரேடியோவில் அவனுக்கு 'வாட்ச்மேன்' என்று பட்டம் கட்டினார்கள். பெட்ரோல் போடப் போன இடத்தில் ஒரு கிழவர் கடைக்கதவை அகலத் திறந்து பிடித்தார். "வாங்க சார், உள்ள வாங்க. நீங்கதான் எல்லாரையும் உள்ள விடுறவராச்சே!" லென் காபியை வாங்கிக்கொண்டு வண்டிக்குத் திரும்பினான். பயிற்சிக்குப் போனபோதும் டேவியனின் முகத்தை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

புதன்கிழமை காலை வாசலில் பனியை அள்ளிக்கொண்டிருந்தபோது, மனைவி காலீன் வீட்டுச் செருப்போடு பனியில் இறங்கி வந்தாள், கையில் பேப்பர்.

"உள்ள வா."

"திட்டுறதைப் படிக்க எனக்குத் தெம்பு இல்ல காலீன்."

"மண்டு, வந்து படி."

ஒரு பக்கம் முழுக்க அந்த மூன்று நொடிதான். சமையலறையில் நின்றுகொண்டே படித்தான். தான் உள்பக்கம் திரும்பியது ஏன் சரி என்று, பயிற்சியாளர் தன் ஆட்களுக்குச் சொல்கிற தெளிவோடு எழுதியிருந்தது.  அடுத்ததாக வந்த பகுதியைப் படித்தபோது நாற்காலியை இழுத்து உட்கார்ந்துகொண்டான்.

தங்கள் அணி பந்தோடு நிற்கும்போது சொந்த ஊர்க் கூட்டம் சத்தம் போடாது, ஆனால் அன்று யாராலும் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை. அந்த இரைச்சலில் குவாட்டர்பேக் கடைசிக் கணத்தில் ஆட்டத் திட்டத்தை மாற்றி, டேவியனைக் கையசைத்து வலது பக்கம் நகரச் சொல்லியிருந்தான். முன்னால் பார்த்துக் குனிந்திருந்த லென்னுக்கு அது தெரியாது. திங்கட்கிழமை லார்னா ஆளில்லாத மைதானத்துக்குப் போயிருக்கிறார். அங்கே காவலுக்கு நிற்கும் பெரிய உடம்புக்காரர் ஒருவரை லென்னின் இடத்தில் குனிந்து நிற்கச் சொல்லிவிட்டு, பனியில் டேவியன் நகர்ந்து நின்ற இடத்தில் தானே போய் நின்றிருக்கிறார். தன் உயரத்துக்குத் தெரியாதே என்று ஒரு பெட்டியின் மேல் ஏறியும் பார்த்திருக்கிறார். அங்கிருந்து முன்வரிசைக்காரரின் இடது கை தெரியவில்லை. அவர் உடம்பே அதை மறைத்தது. அந்தக் கை என்ன சொல்லும் என்பதை மட்டும், சொன்னபடியே, லார்னா எழுதவில்லை.

யார் மேலும் தப்பில்லை என்று லார்னா எங்கேயும் எழுதவில்லை. எழுத வேண்டியிருக்கவும் இல்லை.

"என்ன லென்?" என்றாள் காலீன்.

"நான் அங்கதான் இருந்தேன்," என்றான் மெதுவாக. "எனக்கே இது தெரியாது."

பயிற்சி மைதானத்துக்கு நேரே வண்டியை விட்டான். டேவியன் காலணிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். லென்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

"பெருசு, அன்னைக்கு நீங்க கை காட்டினீங்களா?"

"காட்டினேன்."

"சத்தியமா நான் பாக்கல."

"பாத்திருக்க முடியாதுடா. இன்னைக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுது."

டேவியன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "காலையில பேப்பர் படிக்கிற வரைக்கும் நான் என்ன நினைச்சேன் தெரியுமா? நீங்க காட்டி, நானும் பாத்து, பயத்துல மறந்துட்டேன்னு. அப்படியே நம்பிட்டேன். அம்மாகிட்டகூட அப்படித்தான் சொல்லியிருக்கேன்."

லென் பையனின் கழுத்தை வளைத்துப் பிடித்து ஒரு குலுக்குக் குலுக்கினான். "வா, கோச்கிட்ட போவோம். என் உடம்புக்கு மறையாத மாதிரி வேற ஏதாவது வழி கண்டுபிடிக்கணும்."

"உடம்பைக் குறைச்சா போதாதா பெருசு?"

"அடிவாங்குவ."

அடுத்த ஞாயிறு, ஆட்டத்துக்கு முன்னால், மைதானத்துக்குப் போகும் நடையில் லார்னா நின்றிருந்தார். லென் அவருக்கு முன்னால் போய் நின்றான். நாலு நாளாக யோசித்து வைத்த நன்றி வார்த்தையை விட்டுவிட்டு வேறொன்றைக் கேட்டான்.

"எப்படிங்க அந்தக் கையைப் பாத்தீங்க?"

"பந்தைப் பாக்க ஆயிரம் பேர் இருக்காங்க. அதைப் பாக்காம இருக்கப் பழகறதுக்குத்தான் எனக்கு நாலஞ்சு வருஷம் ஆச்சு," என்றார் லார்னா. பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "ஒண்ணு கேக்கலாமா? எழுதறதுக்கு இல்ல. போன மாசத்துலேர்ந்து குனியும்போது வலது காலைக் கொஞ்சம் தள்ளி வெக்கிறீங்களே. முட்டி எவ்வளவு நாளா வலிக்குது?"

லென் அதைக் காலீனிடம் சொன்னதில்லை. டாக்டரிடம் சொன்னதில்லை. தனக்குத்தானேகூட ஒழுங்காக ஒப்புக்கொண்டதில்லை.  மேலே கூட்டம் இரைய ஆரம்பித்திருந்தது.

"செப்டம்பர்லேர்ந்து," என்றான்.

"டாக்டர்கிட்ட காட்டுங்க," என்று சொல்லிவிட்டு, மேலே தன் இருக்கைக்குப் போக லார்னா படியேறினார்.