தலையாட்டியின் ஆமாம்

தலையாட்டியின் கழுத்தில் ஐந்தாவது எலும்பும் ஆறாவது எலும்பும் முறிந்து, டாக்டர்கள் தகடு வைத்துத் திருகாணி முடுக்கிய பிறகு, அவர் மனதார ஆமாம் என்று நினைத்தால் அவர் இருக்கும் கட்டிடம் ஆடியது. "வலிக்குதா?" என்று டாக்டர் கேட்ட முதல் நாளே வார்டு முன்னும் பின்னும் அசைந்து, குளுக்கோஸ் ஸ்டாண்டுகள் வரிசையாகச் சுவரோரம் உருண்டு போய் நின்றன. டாக்டர் கட்டிலைப் பிடித்துக்கொண்டே கோப்பில் எழுதினார்: கழுத்து அசைவு இல்லை, கட்டிட அசைவு உண்டு. ஆஸ்பத்திரிச் சாப்பாடு பிரமாதம் என்று தலையாட்டி வாய் நிறையச் சொன்னபோது மட்டும் ஒரு ஜன்னல்கூட அசையவில்லை. சமையல்காரர் அதன் பிறகு அவருக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை.

இருபத்திரண்டு வருடம் மேனேஜர் சொன்னதற்கெல்லாம் ஆட்டி ஆட்டித் தேய்ந்த கழுத்து அது. மாடிப்படிக் கைப்பிடி உறுதியாக இருக்கிறது என்று மேனேஜர் சொன்னபோதும் பார்க்காமலே ஆட்டினார். மூன்றாம் வாரம் அதே கைப்பிடியைக் கையில் பிடித்தபடியே கீழே வந்து சேர்ந்தார்.

கழுத்துப் பட்டையோடு மூன்று மாதம் போயிற்று. வலது கை விரல்களில் மூன்றுக்குத்தான் உணர்வு வந்திருந்தது. பிசைவதற்கு ஒரு ரப்பர் பந்து கொடுத்திருந்தார்கள். அந்த நிலையில் ஆபீசில் விசாரணை வைத்தார்கள். என் கவனக்குறைவால் விழுந்தேன் என்று ஒப்புக்கொண்டால் வேலை இருக்கும். இல்லையென்றால் வேறு ஆள் பார்ப்பார்கள்.

"ஆமான்னு சொல்லிட்டு வந்துடுங்க. இந்த விரலை வெச்சுக்கிட்டு இனி யாரு உங்களுக்கு வேலை குடுப்பா?" என்று மனைவி சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டாள்.

மேஜை மேல் விசாரணை அதிகாரி ஒரு தம்ளர் தண்ணீரை வைத்தார். கட்டிடம் ஆடுவதைப் பற்றி அவருக்கும் சேதி போயிருந்தது.

"உங்க தப்புதானே?"

"ஆமா சார்."

தண்ணீர் கண்ணாடி மாதிரி நின்றது.

"நல்லா அழுத்திச் சொல்லுய்யா!" என்றார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மேனேஜர்.

"சத்தியமா ஆமா சார்." தலையாட்டி பல்லைக் கடித்து, மூச்சடக்கி, முகம் சிவக்க முக்கினார். ஓர் ஈகூடத் திடுக்கிடவில்லை.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "சரி, கைப்பிடி ஆடிச்சா?"

தலையாட்டி வாயைத் திறக்கவே இல்லை. பெண்டாட்டி பிள்ளையை நினைத்து உதட்டை உள்ளே இழுத்து மடித்துக்கொண்டார். நான்கு மாடியும் சேர்ந்து தலையாட்டியது. தண்ணீர் மேனேஜரின் மடியில் போய் உட்கார்ந்தது.

புதுக் கைப்பிடி போட்டார்கள். மேனேஜருக்கு எச்சரிக்கைக் கடிதமும் ஆறு மாதத்தில் பதவி உயர்வும் வந்தன. தலையாட்டியைக் கட்டிடத்துக்கு வெளியே இருந்த தகரக் கொட்டகைக்கு மாற்றினார்கள். ஆடினாலும் நஷ்டமில்லை என்று கணக்கு. மற்ற இரண்டு விரல்களும் மரத்தே கிடந்தன. கழுத்து திரும்பவில்லை, யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் பீரோவை நகர்த்துவது போல மொத்தமாகத் திரும்பினார்.

வீட்டில், அவர் தலையாட்டலை எதிலும் நம்பியிராத மனைவி ஒரு நாள் அடுப்பிலிருந்து பாத்திரத்தை இறக்கி வைத்தாள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னைப் பிடிச்சுத்தான் கட்டிக்கிட்டீங்களா?"

கீழ்வீட்டுக்காரர் மாடியைப் பார்த்துக் கத்தினார்: "எம்மா, கேக்கறதுக்கு முன்னாடி ஒரு குரல் குடுக்கக் கூடாதா? பாதி முகம் ஷேவ் பண்ணியிருக்கேன்!"